சாணிக் குவியலில் ஒரு சுயம்வரம்

அரிஸ்டாட்டிலுக்குத் தேனீக்கள் பெரிய தலைவலியாக இருந்தன. கூட்டுக்குள் மூன்று வகை ஆசாமிகள். நீண்ட உடம்போடு ஒரே ஒருவர். அவர்தான் தலைவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொடுக்கோடு ஓடி ஓடி உழைக்கும் ஆயிரக்கணக்கானோர். கொடுக்கும் இல்லாமல், வேலையும் செய்யாமல், தேனைக் குடித்துவிட்டுச் சுற்றும் சில நூறு தடியர்கள். இதில் யார் ஆண், யார் பெண்?

மனிதர் உட்கார்ந்து தர்க்கம் செய்தார். உழைப்பாளிகளிடம் கொடுக்கு இருக்கிறது. கொடுக்கு ஓர் ஆயுதம். இயற்கை எந்தப் பெண்ணிடமும் ஆயுதத்தைக் கொடுப்பதில்லை. ஆகவே அவை பெண்ணாக இருக்க முடியாது. அப்படியானால் ஆணா? ஆனால் அவை குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன, பார்த்துக்கொள்கின்றன. எந்த ஆண் பிள்ளை வளர்த்திருக்கிறான்? ஆகவே ஆணும் கிடையாது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, தலைவர் தன் இனத்தையும் உழைப்பாளிகளையும் பெறுகிறார், உழைப்பாளிகள் தடியர்களைப் பெறுகின்றன, தடியர்கள் எதையும் பெறுவதில்லை, இத்தனையும் புணர்ச்சி என்ற பேச்சே இல்லாமல் நடக்கிறது என்று முடித்தார். ஏதென்ஸ் நகரத்து வீடுகளில் ஆணும் பெண்ணும் எப்படி இருந்தார்கள் என்பதை இதிலிருந்து நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். தேனீயைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே இடத்தில் அவர், விவரங்கள் இன்னும் போதவில்லை, பின்னால் தெரியவந்தால் வாதத்தை நம்பாமல் கண்ணை நம்புங்கள் என்றும் எழுதி வைத்திருந்தார். பின்னால் வந்த பண்டிதர்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் தாண்டிவிட்டு மற்றதை எல்லாம் மனப்பாடம் செய்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்குக் கூட்டின் தலைவர் ‘ராஜா’வாகவே இருந்தார். ரோமானியக் கவி வர்ஜில் தேனீக்களுக்குக் காமமே கிடையாது என்று சான்றிதழ் கொடுத்தார். கிறிஸ்தவத் திருச்சபைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கன்னித் தேனீ தந்த மெழுகு, ஆகவே பலிபீடத்தில் ஏற்ற உகந்தது.

1586இல் ஸ்பெயினில் லூயிஸ் மெந்தெஸ் தெ தோரெஸ் என்பவர், ராஜா முட்டை போடுகிறாரே ஐயா என்று எழுதினார். 1609இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் பட்லர் என்ற பாதிரியார் தன் புத்தகத்துக்கே ‘பெண்ணரசு’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். முதலாம் எலிசபெத் நாற்பத்து நான்கு வருஷம் ஆண்டு முடித்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. சிம்மாசனத்தில் ஒரு பெண் என்றால் அவருக்கு மயக்கம் வரவில்லை. ராணி என்பது தெரிந்துவிட்டது. ராணி எப்படித் தாயாகிறாள் என்ற கேள்விதான் பாக்கி.

அதற்கு ஆம்ஸ்டர்டாமில் யான் ஸ்வாம்மர்டாம் கத்தியைத் தீட்டினார். பதினேழாம் நூற்றாண்டில் பூச்சியை அவரளவுக்கு நுட்பமாக அறுத்துப் பார்த்தவர் கிடையாது. ‘ராஜா’வின் வயிற்றைத் திறந்தார், உள்ளே சினைப்பைகள். விவாதம் முடிந்தது. அடுத்து தடியர்களில் ஒருவரைத் திறந்தார். அங்கே கண்டதில் அவரே அரண்டுபோனார். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் ஒரு உறுப்பு, மடித்து மடித்து உள்ளே வைக்கப்பட்டிருந்தது. ராணியின் உடம்பையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்ப்பே இல்லை என்று தோன்றியது. தடியர்கள் கூடுகிற இடத்தில் ஒரு வாடை வருமே, அந்த வாடைதான் ராணியின் உடம்புக்குள் புகுந்து கர்ப்பம் தருகிறது என்று தீர்ப்பெழுதினார். பாயசம் குடித்துப் பிள்ளை பெற்ற கதை தெரிந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லைதான். ஆனாலும் கையில் அத்தனை பெரிய சாட்சியத்தை வைத்துக்கொண்டு மூக்கை நம்பினார் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

பிறகு ஆளாளுக்கு ஒரு கதை. மீன் முட்டையின் மேல் ஆண் மீன் தெளிப்பதுபோல, அறைகளில் கிடக்கும் முட்டைகளின் மேல் ஆண் தேனீக்கள் தெளித்துவிட்டுப் போகின்றன என்றார் கேம்பிரிட்ஜில் ஆஸ்பத்திரி மருந்து கலக்குகிற டெப்ரா. வருஷம் 1777. பிரான்ஸில் ரெயோமூர் அதற்கு முன்பே ஒரு கன்னி ராணியையும் ஆண்களையும் கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ராணி தானாகப் போய்க் கொஞ்சினாளாம், மாப்பிள்ளை அசையவில்லையாம். (இதே ரெயோமூர் ஆண் தவளைகளுக்குப் பட்டுத்துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுச் சோதனை செய்தவர். அவை கழற்றிவிட்டு ஓடின. பிற்பாடு இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி கழலாத மாதிரி தைத்து, கால்சட்டை போட்ட தவளைக்கு வாரிசு கிடையாது என்று நிரூபித்தார். விஞ்ஞானத்துக்குத் தையற்காரர் செய்த உதவிகளை யாரும் எழுதுவதில்லை.)

விடை வியன்னாவில் முன்பே கிடைத்திருந்தது. மரியா தெரேசா மகாராணி நியமித்த தேனீ வளர்ப்பு ஆசிரியர் அன்டோன் யான்ஷா, ஸ்லோவேனிய விவசாயி வீட்டுப் பிள்ளை, ஓவியம் படித்தவர். ராணி வெளியே பறந்துபோய் வானத்தில் கூடிவிட்டுத் திரும்புகிறாள் என்று 1770களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். லத்தீன் தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லையே, ஆகவே அது கண்டுபிடிப்பாகக் கணக்கில் ஏறவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற மே 20தான் இன்றைக்கு உலகத் தேனீ தினம். கொஞ்சம் தாமதம்.

இந்த வழக்கைத் தீர்த்துவைத்தவர் கண் தெரியாதவர். ஜெனீவாவின் பிரான்சுவா ஊபெர். பதினைந்து வயதளவில் பார்வை மங்கத் தொடங்கியது. அவர் காதலித்த மாரி லூலென் என்ற பெண்ணின் அப்பா, குருடனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று குதித்தார். அந்தப் பெண்ணும் சளைக்கவில்லை. சட்டப்படி தானே முடிவெடுக்கும் இருபத்தைந்து வயது வரை காத்திருந்து, வயது வந்ததும் நேரே போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். பூச்சிகளில் பெண் காத்திருக்கிறாளா, தேர்ந்தெடுக்கிறாளா என்று ஐரோப்பா குழம்பிக்கொண்டிருந்தபோது, ஊபெருக்கு வீட்டிலேயே பதில் இருந்தது.

அவருக்குக் கண்ணாக இருந்தவர் பிரான்சுவா பூர்னென்ஸ் என்ற வேலைக்காரர். புத்தகங்களில் பெரிய எழுத்தில் ஊபெர், சிறிய எழுத்தில் பூர்னென்ஸ். ஆனால் கொட்டு வாங்கியது யார்? ஒரு தடவை, உழைப்பாளிகளில் சில முட்டையிடுகின்றனவா என்று சந்தேகம் வந்தது. எஜமானர் தயங்கித் தயங்கி யோசனை சொன்னார். பூர்னென்ஸ் இரண்டு கூடுகளில் இருந்த தேனீக்களை, ஒவ்வொன்றாக, கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பதினோரு நாள். எத்தனை கொட்டு என்ற கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை, எஜமானர் எழுதியிருக்கலாம்.

முதலில் வாடைக் கதையைத் தீர்த்தார்கள். துளையிட்ட தகரப் பெட்டிக்குள் ஆண்களை அடைத்து, கன்னி ராணி இருந்த கூட்டுக்குள்ளேயே வைத்தார்கள். வாடை தாராளமாக வந்தது. ராணி கன்னியாகவே இருந்தாள். ஸ்வாம்மர்டாம் போனார். அடுத்து, ஆண்களை அடியோடு அகற்றிய கூட்டிலும் முட்டைகள் பொரிந்தன, டெப்ராவும் போனார். பிறகு, 1788ஆம் வருஷக் கோடையில், ஆண்கள் உலாவக் கிளம்பும் வெயில் நேரமாகப் பார்த்து கூட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். ராணி வெளியே வந்தாள். வாசலைச் சுற்றி வட்டமடித்து அடையாளம் பார்த்துக்கொண்டாள். உயரே போய் மறைந்தாள். திரும்பி வந்தபோது அவள் உடம்பின் பின்நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் வரிசையாக முட்டை.

அந்த வெள்ளைச் சமாசாரம் மாப்பிள்ளையின் ஒரு பாகம். ஆண் தேனீ பறந்தபடியே ராணியைப் பற்றுகிறான். உள்ளே மடிந்திருந்த உறுப்பு, உடம்பின் அழுத்தத்தில் ஒரே வீச்சில் வெளியே பிதுங்குகிறது. அந்தக் கணமே அவன் உடல் செயலிழந்து பின்னால் சாய்கிறான். பட்டென்று ஒரு சத்தம். மனிதக் காதுக்கே கேட்கும். உறுப்பு அறுந்து ராணியிடம் தங்கிவிடுகிறது, அவன் செத்துக் கீழே விழுகிறான். ஸ்வாம்மர்டாமின் கணக்கு சரிதான், அத்தனை பெரிய உறுப்புக்கு ஆண் ஒரே ஒரு தடவைதான் சொந்தக்காரன்.

ஊபெர் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்: ஒரு கல்யாணம் போதும், ராணி அதை வைத்தே வருஷக்கணக்கில் முட்டையிடுகிறாள். ஐரோப்பா நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஒரே நாள், ஒரே கணவன், மிச்ச ஆயுள் முழுக்க விதவைக் கோலத்தில் ராஜபரிபாலனம். விக்டோரியா மகாராணியே அப்படித்தானே இருந்தார். 1940கள் வரைக்கும் பாடப்புத்தகங்களில் இந்தப் பதிவிரதா தர்மம் ஓடியது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எண்ணினார்கள். ராணி ஒரு தடவைக்கு மேல் பறக்கிறாள். கூடுகிற ஆண்களின் கணக்கு சராசரியாக ஒரு டஜனுக்குக் குறையாது. முந்தினவன் விட்டுப்போன அறுந்த உறுப்பை அடுத்து வருகிறவன் அகற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறான். எல்லாரிடமிருந்தும் வாங்கியதில் ஐம்பது லட்சத்துச் சொச்சம் விந்தணுக்களை மட்டும் ஒரு சின்னப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே தள்ளிவிட்டு, வருஷக்கணக்கில் சிக்கனமாகச் செலவழிக்கிறாள்.

இத்தனைக்கும் நடுவில் டார்வின் ஒருவர் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் சங்கடம்.

எட்டு வருஷம் கொட்டலசு எனும் கடற்சிப்பி மாதிரியான பிராணிகளைப் படித்தவர் அவர். பாறையில் ஒட்டிக்கொண்டு நகரவே முடியாத அந்தப் பிராணிகளின் ஆண்குறி உடம்பைவிடப் பல மடங்கு நீளம் என்று பார்த்து எழுதியிருக்கிறார். சில இனங்களில் பெண்ணின் ஓட்டுக்குள் இரண்டு பை. ஒவ்வொரு பையிலும் குட்டியூண்டு கணவன் ஒருவன். வீட்டோடு மாப்பிள்ளைகள், அதுவும் இரண்டு. இதையெல்லாம் கண்ணால் கண்டவர், 1871இல் பால்தேர்வு பற்றிப் பெரிய புத்தகம் எழுதும்போது என்ன செய்தார்? ஆண்கள் சண்டை போடுகிறார்கள், தோகை விரிக்கிறார்கள், பெண் நாணத்தோடு ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறாள், திரை விழுகிறது. திரைக்குப் பிறகு என்ன நடக்கிறது, அவளுக்குள் இரண்டு ஆண்களின் விந்து ஒன்றாக இருந்தால் யாருடையது ஜெயிக்கும் என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை.

புத்தகத்தின் அச்சுப்படியைத் திருத்திக் கொடுத்தது யார் தெரியுமா? மகள் ஹென்ரியட்டா. ஆங்கில வனங்களில் மழைக்காலத்தில் ஒரு காளான் முளைக்கும். பார்க்க எப்படியிருக்கும் என்பதற்கு, லின்னேயஸ் அதற்கு ‘வெட்கங்கெட்ட லிங்கம்’ என்று பொருள்பட லத்தீனில் பெயர் வைத்தார் என்று சொன்னால் போதும். நாற்றமும் குடலைப் பிடுங்கும். ஹென்ரியட்டா பிற்காலத்தில் கூடையும் கூர்க்கழியும் எடுத்துக்கொண்டு, மோப்பம் பிடித்தே அந்தக் காளான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து, கூடத்தின் கதவைத் தாழிட்டுக்கொண்டு கணப்பில் போட்டு எரிப்பாராம். வீட்டு வேலைக்காரப் பெண்களின் ஒழுக்கம் கெட்டுவிடக் கூடாதே! டார்வினின் பேத்தி க்வென் ராவெராட் தன் நினைவுக் குறிப்புகளில் இதைப் போட்டு உடைத்திருக்கிறார். காளானுக்கே இந்த கதி என்றால், கொட்டலசுக்காரியின் இரண்டு கணவன்மாரை அச்சில் விஸ்தரிக்க எந்த அப்பாவுக்குத் தைரியம் வரும்?

அந்த நூற்றாண்டின் பூச்சியியலாளர்கள் எல்லாருமே இப்படித்தான். அவர்களின் மேஜை இழுப்பறைகளில் ஆயிரக்கணக்கான பூச்சிகளின் ஆண்குறிகள் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, லேபிள் போட்டு அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு இனங்கள் அச்சு அசலாக ஒன்று போலிருந்தாலும் அந்த ஓர் உறுப்பு மட்டும் வேறுபடும், ஆகவே இனம் பிரிக்க வசதி. கொக்கி, முள், சுருள், கரண்டி என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இது எதற்கு இப்படி என்று கேட்டால், 1844இல் பிரெஞ்சு டாக்டர் லேயோன் துஃபூர் சொன்ன பதில் தயாராக இருந்தது: பூட்டுக்குத் தக்க சாவி. வேற்றினத்து ஆண் உள்ளே வராமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு. மானமுள்ள விளக்கம். வெகுகாலம் அதை யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை.

1948இல் ஒரு தாவர மரபியலாளர் களத்தில் இறங்கினார். ஆங்கஸ் பேட்மன். பழ ஈக்களைச் சின்னச் சின்னப் புட்டிகளில் ஆண்களும் பெண்களுமாக அடைத்தார். ஒவ்வொரு ஈக்கும் ஒரு மரபுக் குறை, அதாவது சுருண்ட இறக்கை, முடி அதிகம் என்பதுபோல. பிள்ளையைப் பார்த்தால் அப்பன், ஆத்தாள் யாரென்று தெரிந்துவிடும். அப்போது மரபணுச் சோதனை ஏது! அவர் கண்ட முடிவு: ஆணுக்குத் துணைகள் கூடக்கூடப் பிள்ளைகள் கூடுகின்றன, பெண்ணுக்கு ஒன்றுக்கு மேல் போனால் பெரிய லாபமில்லை. ஆண் அலைவான், பெண் அடங்குவாள், இது இயற்கை விதி. 1972இல் ராபர்ட் டிரிவர்ஸ் அதைத் தூக்கிப் பிடித்ததும் அது வேதவாக்காகிவிட்டது. மனிதர்களைப் பற்றிப் பேசுகிறவர்களும் அந்த ஈக்களைச் சாட்சிக்கு இழுத்தார்கள்.

2012இல் பட்ரிஷியா கவாட்டி என்ற அம்மையார் அதே சோதனையை அதே மாதிரி செய்துபார்த்தார். அப்பனிடமிருந்து ஒரு குறை, ஆத்தாளிடமிருந்து ஒரு குறை என்று இரண்டையும் வாங்கிய குஞ்சுகளில் பல வளராமலே செத்துப்போயின. யாருடைய பிள்ளை என்று நிச்சயமாகச் சொல்ல உதவும் சாட்சிகளே அவைதான். அவற்றை விட்டு எண்ணியதால் பேட்மனின் கணக்கில் தாய்மாரின் பிள்ளைகளைவிடத் தந்தைமாரின் பிள்ளைகள் அதிகம்! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அம்மா, ஒரு அப்பா என்ற கணக்கில் இது எப்படி வரும்? கூட்டிக் கழித்துப் பார்த்தாலே தெரிகிற பிழை. அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் கூட்டிக் கழிக்கத் தோன்றவில்லை. விடை அவ்வளவு பிடித்திருந்தது.

இனி சாணிக்கு வருவோம். இந்தக் கதையின் உண்மையான கதாநாயகன் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

1965. லண்டனில் இளைஞர்கள் முடி வளர்த்துக்கொண்டு கிதார் வாசித்த காலம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த ஜெஃப் பார்க்கர், ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்துக்குப் போய், மாடு எப்போது சாணி போடும் என்று காத்திருந்தார். போட்டதும் பக்கத்தில் அமர்ந்தார். சூடு ஆறுவதற்குள் மஞ்சள் சாணி ஈக்கள் வந்துவிடும். முதலில் வருவது ஆண்கள், பொன்னிறத்தில் முடி சிலிர்த்துக்கொண்டு. பெண் வருவது முட்டையிட, அதற்குப் பச்சைச் சாணிதான் வேண்டும். அவள் இறங்குவாள், இறங்குவதற்குள் ஒருவன் பாய்ந்து பிடிப்பான். பெண்களைவிட ஆண்கள் பல மடங்கு அதிகம், ஆகவே அவன் பிடித்ததை இன்னொருவன் பறிக்கப் பார்ப்பான், அவன் மேல் மூன்றாமவன். இந்தத் தள்ளுமுள்ளில் சில சமயம் பெண் சாணிக்குள்ளேயே மூழ்கிச் சாவதும் உண்டு. சுயம்வரம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும், மாலை யார் கையிலும் இல்லை.

பார்க்கரின் கண்ணில் பட்டது வேறு. கூடல் ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிஷம் நடக்கும். முடிந்த பிறகும் ஆண் இறங்குவதில்லை. அவள் முட்டையிட்டு முடிக்கிறவரை மேலேயே நின்று, வருகிறவனை எல்லாம் உதைத்துத் தள்ளுகிறான். ஏன்? டார்வினின் கதைப்படி திரை விழுந்தாயிற்றே. காரியம் முடிந்தவன் அடுத்த சாணிக்குப் பறக்க வேண்டியதுதானே?

அவர் ஒரு குயுக்தி செய்தார். சில ஆண் ஈக்களைக் கதிர்வீச்சில் காட்டினார். அவற்றின் விந்தணு முட்டையைத் தொடும், கருவாக்கும், ஆனால் அந்த முட்டை பொரியாது. ஒரு பெண்ணிடம் முதலில் கதிர்வீச்சுக்காரனை விட்டு, பிறகு நல்லவனை விட்டார். அடுத்த பெண்ணிடம் வரிசையை மாற்றினார். பொரிந்தது எத்தனை, பொரியாதது எத்தனை என்று எண்ணினால் யார் விந்து ஜெயித்தது என்று தெரிந்துவிடும். கடைசியாக வந்தவனுக்கு நூற்றுக்கு எண்பது. முந்தினவனுக்கு மிச்சம்.

இப்போது அந்தக் காவல் புரிகிறது. நீ இறங்கிய மறுநிமிஷம் இன்னொருவன் ஏறினால் உன் எண்பது அவனுடையது. பெண்ணின் உடம்புக்குள் விந்துப் பைகள் இருக்கின்றன, அவற்றில் பழைய கணக்குகள் நிலுவையில் இருக்கின்றன. கூடலோடு போட்டி முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. 1970இல், இருபத்தைந்து வயது சொச்சத்தில், நாற்பது பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் ‘விந்துப் போட்டி’ என்று ஒரு துறையே கிடையாது. அதற்குப் பின் உண்டு. பதினெட்டுத் தலைமுறைப் பிரபுக்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்காததை ஒரு மாணவர் சாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்.

அதோடு விடவில்லை. ஏன் முப்பத்தைந்து நிமிஷம்? இன்னும் உட்கார்ந்தால் நூற்றுக்கு நூறே கிடைக்குமே? கரும்பு ஜூஸ் கடைக்காரரைப் பாருங்கள். முதல் தடவை மெஷினில் விட்டால் சாறு கொட்டும், மடித்து விட்டால் கொஞ்சம் வரும், நாலாவது தடவை சொட்டும். ஒரு கட்டத்தில் சக்கையைப் போட்டுவிட்டு அடுத்த கரும்பை எடுக்கிறார். ஈக்கும் அதே கணக்கு: நேரம் ஆக ஆகக் கூடுதல் லாபம் குறைகிறது. அடுத்த பெண்ணைத் தேடிப் பிடிக்கவும் காவல் காக்கவும் சராசரியாக நூற்றைம்பத்தாறு நிமிஷம் பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எத்தனை நிமிஷத்தில் இறங்குவது உத்தமம்? காகிதம் 41 நிமிஷம் என்றது. ஈ 36 என்றது. கணக்குப் போட ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், ஐந்து நிமிஷத்துக்காக ஈயைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பார்க்கர் கதவைத் திறந்துவிட்டதும் மற்றவர்கள் இழுப்பறைகளைத் திறந்தார்கள். அந்தக் கொக்கி, கரண்டி, முள்ளெல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தன. 1979இல் அமெரிக்காவில் ஜானதன் வாகே ஊசித்தட்டானின் ஆண்குறியை நுண்ணோக்கியில் வைத்தார். நுனியில் பின்னோக்கி வளைந்த முட்கள். ஆற்றோரத்தில் ஆணும் பெண்ணும் வளைந்து இதய வடிவில் இணைந்திருக்கும் அந்தப் படம் வாழ்த்து அட்டைகளில் எல்லாம் வரும். அந்த நேரத்தில் பெரும்பகுதி, ஆண் முந்தினவன் வைத்துவிட்டுப் போனதைச் சுரண்டி வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறான். 88 முதல் 100 சதவீதம் வரை காலி. துப்புரவு முடிந்த பிறகுதான் தன்னுடையதை வைக்கிறான். துஃபூரின் சாவி உண்மையில் ஒரு துடைப்பம்.

மற்ற ஆண்களும் சும்மா இருக்கவில்லை. பழ ஈயின் விந்துநீரில், பெண்ணுக்கு வேறு ஆண்மேல் நாட்டம் வராமல் செய்கிற ரசாயனம் கலந்திருக்கிறது; கூடவே அவள் ஆயுளையும் குறைக்கிறது. இந்தியக் குச்சிப்பூச்சி ஒன்று வம்பே வேண்டாம் என்று 79 நாள் வரை இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள டிரோசோஃபிலா பைஃபர்கா என்ற பழ ஈ, ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் விந்தணு செய்கிறது. உலகத்தில் நீளமான விந்தணு அதுதான். யானையும் திமிங்கிலமும் பக்கத்தில் வரக் கூடாது. நூல் உருண்டையாகச் சுருட்டி ஒவ்வொன்றாகத் தருகிறது. கோடிக்கணக்கில் இறைக்கக் கட்டுப்படியாகாது.

இத்தனையிலும் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்கத் தோன்றுகிறதா? தொடக்கத்தில் விந்துப் போட்டி நிபுணர்களுக்கும் தோன்றவில்லை. ஆண்கள் மோதுகிற மைதானமாக அவளை வைத்துக்கொண்டு ஆட்டத்தை வர்ணித்தார்கள். டார்வின் திரைக்கு முன்னால் அவளிடம் கொடுத்த உரிமையைத் திரைக்குப் பின்னால் இவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். 1985இல் வில்லியம் எபர்ஹார்ட், அந்த உறுப்புகளின் அலங்காரமெல்லாம் உள்ளே இருக்கும் நடுவரை மகிழ்விக்கத்தான் என்று ஒரு புத்தகம் போட்டார். யாருடையதை வைத்துக்கொள்வது, யாருடையதைத் தள்ளுவது என்பதில் அவளுக்குப் பங்குண்டு. அந்தப் பழ ஈயின் ஆறு சென்டிமீட்டர் பைத்தியத்துக்குக்கூடக் காரணம் பெண்ணுக்குள் இருக்கும் குழாய்தான். சோதனைச்சாலையில் அதன் உறவுக்காரப் பழ ஈ இனம் ஒன்றில் பெண்களின் குழாய் நீளமாக வளரும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தால், ஆண்களின் விந்தணுவும் பின்னாலேயே நீண்டது.

2014இல் வந்தது கடைசி அடி. பிரேசில் நாட்டு வறண்ட குகைகளில், வௌவால் எச்சத்தைத் தின்று பிழைக்கும் நியோட்ரோக்லா என்ற பேன் அளவுப் பூச்சி. அதில் ஆண்குறி இருப்பது பெண்ணுக்கு. ஆணுக்குத் துவாரம்தான். அவள் அவன் மேலேறி, உறுப்பை உள்ளே நுழைத்து, முட்களை விரித்துப் பூட்டிக்கொண்டு, 40 முதல் 70 மணி நேரம் வரை அவனிடமிருந்து விந்தையும் அதோடு வரும் சத்துப் பொட்டலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறாள். குகையில் சோற்றுக்குப் பஞ்சம். ஆணிடம் இருப்பதுதான் விருந்து. ஜப்பானிய, பிரேசில், சுவிஸ் நிபுணர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு மூன்று வருஷம் கழித்து, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரையிலேயே ஒரு விவரம் உண்டு. இணைந்திருந்த ஒரு ஜோடியைப் பிரித்துப் பார்க்கலாமென்று மெல்ல இழுத்தார்கள். ஆண் இடுப்பில் இரண்டாகப் பிய்ந்து வந்தான். பூட்டு மட்டும் கழலவில்லை.